தேன் பொந்தைக் காத்த கூரம்மை

வேங்கைக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவள் பெயர் கூரம்மை. காட்டுச் சபையில் அவளும் ஓர் உறுப்பினர். அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விட மாட்டாள்.

அந்தக் காட்டுக்கு எதிரே ஆறு. ஆற்றைத் தாண்டினால் மலை. மலைமேல் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கரடிகள் அதை நடத்தின. எந்த வேர் காய்ச்சலைத் தணிக்கும், கோடையில் எங்கே தோண்டினால் ஊற்று வரும், காட்டுத்தீ எந்தப் பக்கம் திரும்பும் என்றெல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்த குட்டி எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் நாளெல்லாம் பாடம் நடத்தும் கரடிகளுக்கு இரை தேட நேரம் ஏது? அதனால் படிக்க வரும் குட்டி சம்பளமாகத் தேன் கொண்டுவர வேண்டும்.

மானும் முயலும் தேனுக்கு எங்கே போகும்? அதற்குத்தான் காட்டுச் சபை ஒரு திட்டம் போட்டிருந்தது. குட்டி பிறந்ததும் அதன் பெற்றோர் தங்கள் பங்குப் பூம்புல்லை மேயாமல் தேனீக்களுக்கு விட்டுவிட வேண்டும். தேனீக்கள் அந்தப் பூக்களின் தேனைப் பெரிய வேங்கை மரத்தின் பொந்தில் சேர்க்கும். குட்டி வளர்ந்ததும், பள்ளி அன்றைக்கு எவ்வளவு தேன் கேட்டாலும் சரி, காடே பொந்திலிருந்து எடுத்துக் கொடுக்கும். இதுதான் சபை கொடுத்த வாக்கு.

மருதி என்ற புள்ளிமான் இதை நம்பினாள். தன் குட்டி துள்ளி பிறந்ததிலிருந்து அவள் பூம்புல்லில் வாய் வைக்கவில்லை. காய்ந்த புல்லைத் தின்றாள். விலா எலும்பு வெளியே தெரிந்தது.

"ஏன் இப்படி வயிற்றைக் கட்டுகிறாய்?" என்று மற்ற மான்கள் கேட்டன.

"என் பிள்ளை தண்ணீர் இருக்கும் இடம் தெரியாமல் கோடையில் அலையக் கூடாது" என்பாள் மருதி.

சில வருடங்கள் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு மழை பொய்த்தது. பூக்கள் குறைந்தன. தேனீக் கூட்டம் பாதியாகிவிட்டது. மலையிலும் பழம் காய்க்கவில்லை. பசியோடு பாடம் நடத்த முடியாத கரடிகள் சம்பளத்தைக் கூட்டிவிட்டன. ஒரு பக்கம் தேன் வரவு குறைந்தது, இன்னொரு பக்கம் கேட்கும் அளவு கூடியது. பொந்தின் அடி தெரிய ஆரம்பித்தது.

சபை கூடியது. யானைத் தலைவர் நடுவில் நின்றார்.

முதலில் எழுந்தவன் நயவன் என்ற நரி.

"தலைவர் அவர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டம் செத்துவிட்டது. செத்ததைக் கட்டி அழுவதில் என்ன பயன்? மிச்சம் இருக்கும் தேனைப் பெற்றோருக்கு இன்றே பிரித்துக் கொடுத்துவிடுவோம். ஆளுக்கு இரண்டு நக்கு கிடைத்தாலும் லாபம்தானே? பிரிக்கும் சிரமத்தைக்கூட நானே ஏற்றுக்கொள்கிறேன்."

கூட்டத்தில் சிலர் இருமினார்கள். நரி பங்கு பிரித்தால் நரிக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கூரம்மை எழுந்தாள்.

"பொந்து காலியாவது தெரிகிறது. ஆனால் நாம் கொடுத்த வாக்கு காலியாகவில்லை. ஆற்றோரத் தும்பைக்காடு நம் எல்லோருக்கும் பொது. அதை இரண்டு பூப்பருவத்துக்கு யாரும் மேயாமல், கிளறாமல் தேனீக்களுக்கு விட்டுவிடுவோம். பொந்து மறுபடி நிறையும். இதைச் சட்டமாக்க வேண்டும் என்று கேட்கிறேன்."

உடனே கோரன் என்ற காட்டுப்பன்றி முன்னால் வந்தான். பெரிய உடம்பு. நேராகப் பேசுகிறவன்.

"தும்பைக்காட்டில்தான் எனக்குக் கிழங்கு. என் பிள்ளை ஒருவனும் மலைக்குப் போகவில்லை. நான் திட்டத்தில் சேரவும் இல்லை. அடுத்தவன் பிள்ளை படிக்க என் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டுமா?"

அவன் கேட்டது நியாயம்தான் என்று பலருக்குத் தோன்றியது. வாக்கெடுப்பு நடந்தது. கூரம்மையின் சட்டம் தோற்றது. நரியின் யோசனையை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லி யானைத் தலைவர் சபையைக் கலைத்தார்.

நரி சும்மா இருக்கவில்லை. நேராகப் பெற்றோரிடம் போனான். "சபை கைவிரித்துவிட்டது. முந்துகிறவருக்குத்தான் தேன். பிந்தினால் வெறும் பொந்துதான்" என்று காதில் போட்டான்.

மறுநாள் காலையில் வேங்கை மரத்தடியில் ஒரே கூட்டம். முயல்களும் மான்களும் முண்டியடித்தன. மரத்தின் அடியில் கூரம்மை தனியாக நின்றாள். முள்ளை விரித்திருந்தால் ஒருவரும் நெருங்கியிருக்க மாட்டார்கள். அவள் விரிக்கவில்லை.

கூட்டத்தின் முன்னால் நின்றவள் மருதி.

"விலகுங்கள் அக்கா" என்றாள். "நான் திருட வரவில்லை. என் வாயைக் கட்டிச் சேர்த்ததைக் கேட்கிறேன்."

"உன்னுடையதுதான் மருதி. இல்லை என்று யார் சொன்னது? ஆனால் இன்றைக்கு எடுத்தால் உனக்கு எவ்வளவு கிடைக்கும்? அதைக் கொண்டுபோனால் துள்ளியைப் பள்ளியில் சேர்ப்பார்களா?"

மருதி பொந்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரு வேளைப் பசிகூடத் தீராது. நீ இத்தனை வருடம் பட்டினி கிடந்தது ஒரு வேளைத் தேனுக்காகவா?"

"உங்கள் சட்டத்தைச் சபைதான் தோற்கடித்துவிட்டதே!"

"ஒரு முறைதான் தோற்கடித்தது. இன்னொரு முறை கேட்பேன். அதுவரை பொறுங்கள். இவ்வளவுதான் உங்களிடம் கேட்கிறேன்."

பின்னாலிருந்து நரி குரல் கொடுத்தான். "கூரம்மா, உனக்குப் பிள்ளையே இல்லை. இதில் உனக்கு என்ன வந்தது?"

கூரம்மை அவன் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் திட்டம் போட்ட நாளில் சபையில் கால் தூக்கிச் சம்மதம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. என் காலைப் பார்த்துத்தான் இவர்கள் பட்டினி கிடந்தார்கள்."

மருதி முதலில் திரும்பி நடந்தாள். போகும்போது மற்றவர்களையும் பார்த்து, "வாருங்கள். அக்கா போய்வரட்டும்" என்றாள். கூட்டம் கலைந்தது.

கூரம்மை முதலில் கோரனின் சேற்றுக்குழிக்குப் போனாள்.

"திட்டப் போகிறாயா?" என்றான் கோரன்.

"இல்லை. நீ சபையில் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. என்ன செய்தால் உனக்குச் சம்மதம் என்று கேட்க வந்தேன்."

கோரன் வியந்துபோனான். சபையில் எதிர்த்துப் பேசியவனை வீடு தேடி வந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் சேற்றைக் கிளறினான்.

"போன கோடையில் என் கடைக்குட்டி தாகத்தில் செத்துப்போனான்" என்றான் மெதுவாக. "மலையில் படித்த மான்குட்டி ஒன்றுக்கு ஊற்று இருந்த இடம் தெரியும். அது தன் மந்தையை மட்டும் கூட்டிப்போனது. எங்களைக் கூப்பிடவில்லை. நான் எதற்கு அவர்கள் படிப்புக்குக் கிழங்கை விட வேண்டும்?"

கூரம்மை சேற்றிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"படித்துத் திரும்பும் ஒவ்வொரு குட்டியும் ஒரு மழைக்காலம் முழுக்க இந்தக் காட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தால்?"

"பன்றிப் பிள்ளைகளுக்குமா?"

"பன்றிப் பிள்ளைகளுக்கும்தான். திட்டத்தில் சேராத எல்லோருக்கும்."

"யோசிக்கிறேன்" என்றான் கோரன்.

அங்கிருந்து அவள் ஆற்றுக்குப் போனாள். முள்ளம்பன்றிக்கு நீச்சல் கடினமில்லை. ஆனால் ஆற்றின் வேகம் கடினம். இருமுறை அடித்துச் செல்லப்பட்டு, பாறையைப் பற்றிக் கரையேறினாள். மலை ஏறிப் பள்ளிக்குப் போனபோது உடம்பெல்லாம் சிராய்ப்பு.

தலைமை ஆசிரியை ஒரு வயதான கரடி. "நாங்களும் பசியில்தான் இருக்கிறோம். சம்பளத்தைக் குறைக்க முடியாது" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

"குறைக்கச் சொல்லவில்லை அம்மா. பாதியை இப்போது வாங்கிக்கொள்ளுங்கள். மீதியைத் தும்பை பூத்த பிறகு கொடுக்கிறோம்."

"பூக்காவிட்டால்?"

"உங்களுக்கும் நஷ்டம்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் எங்கள் குட்டிகள் வராவிட்டால் உங்கள் பள்ளியில் யார் இருப்பார்கள்?"

கரடி வெளியே பார்த்தார். பள்ளிக்கூட முற்றத்தில் பாதி இடம் காலியாகத்தான் கிடந்தது. "சரி" என்றார். "உங்கள் சபை ஏற்கெனவே வாக்குக் கொடுத்த குட்டிகளுக்கு மட்டும்."

கூரம்மை திரும்பி வந்து பெற்றோரைக் கூட்டினாள். அவர்களிடமும் கேட்க வேண்டியது இருந்தது. "தும்பைக்காட்டை யாரும் மேயாமல் நீங்கள்தான் முறை வைத்துக் காவல் காக்க வேண்டும். பொந்து நிறையும் வரை புதிய குட்டிகளைத் திட்டத்தில் சேர்க்க முடியாது. இப்போது வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் என்னைக் கோபித்துக்கொள்வீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள்."

சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஒரு முயல் அழுதாள். ஆனால் காவலுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

சபை மறுபடி கூடியது. கூரம்மை புதிய சட்டத்தை எடுத்துச் சொன்னாள். ஒவ்வொருவரும் எதை விட வேண்டும், அதற்கு என்ன கிடைக்கும் என்று நிதானமாக விளக்கினாள்.

நரி எழுந்தான். "அழகான சட்டம். ஆனால் கோரனின் கிழங்கைப் பிடுங்கும் சட்டம். கோரா, நீயே சொல்."

எல்லோரும் கோரனைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான்.

"கிழங்கு போகும். வேறு இடத்தில் தோண்டிக்கொள்கிறேன். என் மிச்சப் பிள்ளைகளாவது ஊற்று இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளட்டும்" என்று சொல்லித் தன் முன்னங்காலைத் தூக்கினான்.

அதைப் பார்த்து முயல் தூக்கியது. கீரி தூக்கியது. மரத்திலிருந்த குரங்குகள் வாலைத் தூக்கின. எல்லோரும் தூக்கவில்லை. ஆனால் போதுமான அளவு தூக்கினார்கள். யானைத் தலைவர் தும்பிக்கையை உயர்த்தி, "சட்டம் நிறைவேறியது" என்றார்.

அந்தப் பருவம் தும்பை சுமாராகத்தான் பூத்தது. அடுத்த பருவம் மழை பெய்து, ஆற்றோரம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்தது. பள்ளிக்குத் தர வேண்டிய மீதியைக் காடு கொடுத்து முடித்தது. துள்ளி படித்துத் திரும்பினாள். மழைக்காலம் முழுக்க அவள் பாடம் நடத்தினாள். முன்வரிசையில் கோரனின் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் நரிக்குட்டி ஒன்றும் வந்து உட்கார்ந்தது. அதைப் போ என்று யாரும் சொல்லவில்லை. சட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றுதான் இருந்தது.

அடுத்து வந்த கோடையில் வேங்கைக் காட்டில் ஒரு குட்டிகூடத் தாகத்தில் சாகவில்லை.

ஊர் கொடுத்த வாக்கை ஊர் கூடித்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு எதிர்த்தவன் வீட்டுக்கும் நடந்துபோய்க் கேட்கும் பொறுமை ஒருவருக்காவது வேண்டும்.