பேச்சாயி வீட்டுக் கூரையும் திரிந்த பாலும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மல்லுக்கு வருவார்கள். எனக்கோ இந்தக் கதையை நினைத்தாலே வயிறு எரிகிறது. ராஜாவுக்குப் பொழுது போகாவிட்டால் குடிமக்களுக்குக் கஷ்டகாலம் என்று அர்த்தம். இந்த ராஜாவுக்குப் பொழுதே போகவில்லை.

ஒரு நாள் அவருடைய தங்கக் கிண்ணம் கீழே விழுந்து நசுங்கிவிட்டது. தட்டானை வரவழைத்தார்கள். அவர் கிண்ணத்தை உருக்கினார், அச்சில் ஊற்றினார், ஆறவிட்டார். கிண்ணம் பழையபடியே வந்துவிட்டது. ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே முரசு அறையச் சொன்னார். இனி இந்த நாட்டில் யாருடைய கை ஒரு பொருளை மாற்றுகிறதோ, அவரே அதைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவருடைய வீட்டைப் பிரித்துப் போட்டுக் கொளுத்திவிடுவார்கள். இதுதான் சட்டம்.

அவையில் ஒருவராவது இது சரிப்படாது என்று வாயைத் திறந்தாரா? மூச்! எல்லாரும் ஆகா, ஓகோ என்று தலையாட்டினார்கள். மாதம் பிறந்தால் அரண்மனையிலிருந்து நெல் வருகிறதே, தலையாட்டாமல் என்ன செய்வார்கள்? கொன்றையப்பன் மட்டும் எழுந்தான். அவையில் விகடம் பேசுவது அவன் வேலை. சோறு தின்றவன் அந்தச் சோற்றையும் பழையபடி ஆக்கித் தர வேண்டுமா, எங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று கேட்டான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சட்டத்தை மட்டும் மாற்றவில்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்து முதல் மந்திரியான பிரதானி விசயராயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பேசினால் ராஜா கொட்டாவி விடுவார். கொன்றையப்பன் வாயைத் திறந்தாலே சிரிப்பார். இவனை ஒருவழி பண்ணாமல் விடுவதில்லை என்று விசயராயர் கறுவிக்கொண்டே திரிந்தார்.

முதலில் சட்டம் நன்றாகத்தான் நடந்தது. ஒரு வேலைக்காரன் உப்பைத் தண்ணீரில் கொட்டிவிட்டான். அந்தத் தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றி வெயிலில் வைத்தான். தண்ணீர் வற்றியது, உப்பு உப்பாகவே தட்டில் கிடந்தது. மார்கழிக் குளிரில் நெய் உறைந்துபோனது. அடுப்பங்கரையில் வைத்தார்கள், உருகிவிட்டது. ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு, பார்த்தீர்களா, எல்லாம் மனம் இருந்தால் முடியும் என்றார். விசயராயரும் அப்படியே ஒத்து ஊதினார்.

கொன்றையப்பனுக்கு ஓர் அக்காள் உண்டு. பேச்சாயி என்று பெயர். அரண்மனை மடைப்பள்ளியில் சமையல் வேலை. ஊர்க்கோடியில் பனையோலை வேய்ந்த ஒரு வீடு. அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது இரண்டு பேருமாக மண் குழைத்துக் கட்டியது. அது ஒன்றுதான் அவளுக்குச் சொத்து.

கொன்றையப்பன் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, விசயராயர் ராஜாவின் காதில் ஓதினார். கொதிக்கிற பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் பித்தம் தணியுமாம். ராஜா அப்படியே செய்யச் சொல்லி மடைப்பள்ளிக்கு ஆள் அனுப்பினார். பால் திரிந்துபோகும், வேண்டாம் என்று பேச்சாயி தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அரசர் ஆணையை மீறுகிறாயா என்று வந்தவன் மிரட்டினான். பிழிந்தாள். அவள் சொன்னபடியே பால் திரிந்தது. கட்டி வேறு, தண்ணீர் வேறாக நின்றது.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! தான் சொன்னதைத் தானே மறந்துவிட்டுக் குதித்தார். அதைப் பழையபடி பாலாக்கு என்றார். பேச்சாயி சூடுபண்ணிப் பார்த்தாள், ஆறவைத்துப் பார்த்தாள், கட்டியையும் தண்ணீரையும் சேர்த்துக் கடைந்தும் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பானையை ராஜாவின் முன்னால் வைத்தாள்.

"இது இனிமே பாலு ஆகாது சாமி. பாலு போயிருச்சு. இது வேற பண்டம்."

விசயராயர் இதற்குத்தானே காத்திருந்தார். "மகாராஜா, தங்கம் திரும்பி வந்தது. உப்பு வந்தது, நெய் வந்தது. பால் மட்டும் வராதாம். எல்லாம் மாற்றம்தானே? இவள் மனசு வைக்கவில்லை. தம்பி கொடுக்கிற தைரியம்" என்றார். ராஜா ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் இவள் வீட்டைப் பிரித்துக் கொளுத்துங்கள் என்று சொல்லிவிட்டு, அதை வேடிக்கை பார்க்கப் பல்லக்கும் கொண்டுவரச் சொன்னார்.

பேச்சாயியைத் தெரு வழியாக, அந்தத் திரிந்த பால் பானையைத் தலையில் சுமக்கவைத்து இழுத்துப் போனார்கள். அவள் சோறு போட்டு வளர்த்த தெருப் பிள்ளைகள்கூட வாசலில் நின்று பார்த்தன. வீடு வந்ததும் கூரையின் முதல் கயிற்றை விசயராயரே தம் கையால் அவிழ்த்தார். காவலர்கள் ஓலையை இறக்கினார்கள், மூங்கிலை உருவினார்கள், எல்லாவற்றையும் வாசலில் குவித்தார்கள். விசயராயர் தீப்பந்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் கொன்றையப்பன் சந்தையிலிருந்து ஓடி வந்து சேர்ந்தான். வழியிலேயே யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். கூரை இல்லாத வீட்டைப் பார்த்தான். பானையோடு நிற்கிற அக்காளைப் பார்த்தான். வந்த கோபத்துக்கு விசயராயரின் கழுத்தைப் பிடித்திருப்பான். பேச்சாயி ஒரு பார்வை பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு ராஜாவுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

கொளுத்தும் முன்னால் ஒரு சந்தேகம் மட்டும் கேட்க அனுமதி வேண்டும் என்றான். ராஜா சரி என்றார். இந்தக் கூரையை மறுபடி வேய முடியுமா என்று பிரதானியைக் கேட்டான்.

"ஏன் முடியாது? ஓலை ஓலையாகக் கிடக்கிறது, மூங்கில் மூங்கிலாகக் கிடக்கிறது. எடுத்துக் கட்டினால் தீர்ந்தது" என்றார் விசயராயர்.

கொன்றையப்பன் ஓர் ஓலையை எடுத்துச் சின்னச் சின்னதாகக் கிழித்தான். இது என்ன என்று கேட்டான். அதுவும் ஓலைதான், கிழிந்த ஓலை என்றார் விசயராயர். கிழிந்ததைப் பந்தத்தில் காட்டினான். பற்றி எரிந்தது. கீழே விழுந்த சாம்பலை உள்ளங்கையில் எடுத்து விசயராயரின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இது என்ன பிரதானி அவர்களே?"

"சாம்பல்."

"ஆறிவிட்டது. தங்கம் ஆறியதும் கிண்ணம் ஆனதே, இது எப்போது ஓலை ஆகும்?"

ராஜா பொறுமை இழந்து, இதெல்லாம் போதும், கொளுத்துங்கள் என்று கத்தினார்.

"அப்படியே ஆகட்டும் மகாராஜா," என்று கொன்றையப்பன் ஒதுங்கி வழிவிட்டான். "பிரதானி அவர்களே, தாராளமாகக் கொளுத்துங்கள். கொளுத்திய மறுகணம் உங்கள் கை இந்த வீட்டைச் சாம்பலாக மாற்றியிருக்கும். எல்லாம் மாற்றம்தானே? சாம்பலைப் பழையபடி வீடாக்கி என் அக்காளிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் சட்டப்படி அடுத்தது உங்கள் மாளிகை."

"நானாகவா கொளுத்துகிறேன்? அரசர் ஆணை. என் கை வெறும் கருவி!"

"என் அக்காளும் அரசர் ஆணைப்படிதான் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். அவளுடைய கை மட்டும் என்ன கை?"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. விசயராயர் பந்தத்தைப் பக்கத்தில் நின்ற காவலனிடம் நீட்டினார். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கும் வீடு இருக்குதுங்க எசமான்" என்றான். அடுத்தவனிடம் நீட்டினார். அவன் நாலு எட்டுப் பின்னால் போனான். பந்தத்தை வாங்க அந்தத் தெருவில் ஓர் ஆள் இல்லை.

கொன்றையப்பன் பல்லக்கின் பக்கம் திரும்பினான். இப்போது அவன் குரலில் விகடம் இல்லை.

"மகாராஜா, இந்த வீட்டை எரித்தவர் வீட்டை ஒருவன் எரிக்க வேண்டும். அவனாலும் சாம்பலைத் திருப்ப முடியாது. ஆகவே அவன் வீட்டை இன்னொருவன் எரிப்பான். இப்படியே போனால் கடைசியில் இந்த நாட்டில் கூரையோடு நிற்பது அரண்மனை ஒன்றுதான். அன்றைக்குக் கையில் பந்தத்தோடு மிஞ்சுகிறவன் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று யோசித்துச் சொல்லுங்கள்."

ராஜாவின் முகம் கறுத்தது. அந்த நேரம் பார்த்துப் பந்தத்திலிருந்து கொதிக்கிற எண்ணெய் விசயராயரின் புறங்கையில் சொட்டியது. ஐயோ என்று அலறிக்கொண்டு பந்தத்தைத் தூக்கி எறிந்தார். அது பேச்சாயி இறக்கி வைத்திருந்த பால் பானைக்குள் போய்ச் சொத்தென்று விழுந்து அணைந்தது. திரிந்த பால் தெறித்து விசயராயரின் மீசையிலும் அங்கவஸ்திரத்திலும் கட்டி கட்டியாகத் தொங்கியது.

ராஜா சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லக்கு ஆடும்படி சிரித்தார். சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொன்றையப்பனுக்குப் போட்டார். விசயராயர் தம் கையால் அவிழ்த்த கூரையைத் தம் கையாலேயே வேய வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். அவர் ஏணியில் ஏறும்போது வேட்டி தடுக்கி வழுக்குவார், ராஜா சிரிப்பார். மறுபடி ஏறுவார், மறுபடி சிரிப்பார். பொழுது சாய்வதற்குள் கூரை நின்றுவிட்டது. கோணலாகத்தான், ஆனால் நின்றுவிட்டது.

இங்கேயே கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. ராஜா சிரித்தார், மாலை கொடுத்தார், எல்லாரும் சுகம் என்று எழுந்து போய்விடுவார்கள். எனக்கு அப்படி முடிக்க மனசு வரவில்லை. ஏனென்றால் பேச்சாயி சிரிக்கவில்லை. தம்பி முத்துமாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் அதைத் தொடவும் இல்லை.

ராஜாவுக்கு அது பிடிக்கவில்லை. "இன்னும் என்ன கோபம்? கூரைதான் பழையபடி வந்துவிட்டதே" என்றார்.

பேச்சாயி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கூரை வந்துருச்சு சாமி. பிரிச்சுப் போட்டது, எடுத்துக் கட்டினாச் சரியாப் போச்சு. என் தெரு சனம் அம்புட்டும் பாக்க, திருடி மாதிரி என் தலையில பானையை வச்சு இழுத்தாந்தீங்களே. அது ஓலையா, பாலா?"

ராஜா சிரிப்பதற்கு வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. பல்லக்கில் ஏறாமல் தெருக்கோடி வரை நடந்தே போனார் என்று சொல்கிறார்கள்.