களத்துக்குக் கூப்பிடாத வருஷம்

ஏழுமதகு ஏரிக்கு வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்த பிறகு அந்த ஊரில் எல்லாரும் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டார்கள். எல்லாருக்கும் கொஞ்சம் கோபமும் வந்தது. பரிசல்காரர் வீரணனுக்கு இரண்டுமே மற்றவர்களைவிடக் கூடுதல்.

அன்று காலை அவர் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் இருந்த பழைய பம்ப்செட் அறைக்கு வந்தார். துறவியான சாமியம்மா அங்கேதான் தங்கியிருந்தார். வீரணனைவிட வயதில் ரொம்ப இளையவர். ஆனாலும் ஊரில் எல்லாரையும் 'நீ' என்றுதான் பேசுவார், யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. வீரணன் அவரிடம் உபதேசம் வாங்கியவர். வாங்கியதால் அவருடைய கோபம் குறைந்ததாகத் தெரியவில்லை.

"சாமியம்மா, ஒரு ஞாயம் கேக்கணும்."

"கேளு."

"அறுப்பு முடிஞ்சிருச்சு. ஒருத்தன்கூட என்னைக் களத்துக்குக் கூப்பிடல."

சந்தை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் ஏரிக்கு அக்கரையில். சுற்றி நடந்து போனால் காலைச் சந்தை கலைந்துவிடும். அதனால் ஊர் மொத்தமும் பரிசலில்தான் போய்வரும். அதற்குக் காசு கொடுக்கும் வழக்கமில்லை. அறுவடையானதும் ஒவ்வொரு வீட்டாரும் பரிசல்காரரைக் களத்துக்குக் கூப்பிட்டு ஒரு மரக்கால் நெல் அளந்து போடுவார்கள். முதல் மரக்கால் அவருக்கு. அதன் பிறகுதான் தங்கள் மூட்டையைக் கட்டுவார்கள். வீரணனின் அப்பாவுக்கும் அப்படித்தான் அளந்தார்கள்.

"வீட்டுல அரிசி இல்லையா?" என்று கேட்டார் சாமியம்மா.

"அதெல்லாம் மூட்டையா வாங்கிப் போட்டுருக்கேன்."

"பிறகென்ன?"

"என்ன இப்படிக் கேக்குறீக? நான் இந்த ஊர்க்காரன் இல்லையா? களத்தைத் தாண்டித்தான் போறேன். நெல்லத் தூத்திக்கிட்டு நிக்கிறான், தலையத் தூக்கிப் பாக்கல. நான் என்ன கொலையா செஞ்சுட்டேன்? வர்ற ஜனங்களை ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். அந்தக் காசுலதான் மக நர்ஸுக்குப் படிக்கிறா. மரக்கால் நெல்ல வச்சு ஃபீஸ் கட்ட முடியுமா?"

"முடியாது."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று வீரணன் எதிர்பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மற்ற நியாயங்கள் வீணாய்ப் போயின.

"அப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. எனக்கு நெல்லு வேண்டாம். களத்துக்குக் கூப்பிட்டாப் போதும்."

சாமியம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே? நானும் பரிசல்ல ஏறணும். வா."

வெளியூர் வண்டிகள் இன்னும் வந்து சேரவில்லை. துறையில் செவனம்மா கத்திரிக்காய்க் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கூடவே சந்தைக்குப் போகிறவர்கள் சிலர். வீரணன் அவர்களையும் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"வேண்டாம். தனியாப் போகணும்" என்றார் சாமியம்மா. "வெளியூர்க்காரங்க அப்படித்தானே போறாங்க?"

குரு சொல்லுக்கு மறுசொல் ஏது. வீரணன் செவனம்மாவைப் பார்த்து, "இரு தாயி, ஒரு ரவுண்டு. இந்தா வந்துர்றேன்" என்றார். வருஷம் பூராவும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு அது. அவள் கூடையை நிழலுக்கு நகர்த்தினாள்.

சாமியம்மா அப்போதுதான் திறந்த தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தடவிய சோளக்கதிர் ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறினார். பரிசல் நடு ஏரிக்குப் போயிற்று.

"ஆழம் எவ்வளவு இருக்கும்?"

"ரெண்டு ஆள் இருக்கும்."

"முதலை இருக்கா?"

"சாமியம்மா, நீங்க தினம் இதுலதான் குளிக்கிறீக."

"இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

வீரணன் பல்லைக் கடித்துக்கொண்டார். நாள்தோறும் வெளியூர்க்காரர்கள் கேட்கும் இதே கேள்விகளுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்கிறவர்தான். காசு கொடுக்காதவர் கேட்டால் மட்டும் அந்தச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

"சுத்திக் காட்டு" என்றார் சாமியம்மா. வீரணன் துடுப்பைக் குத்திப் பரிசலைச் சுழற்றினார். "இன்னும் வேகமா" என்றார். சுழற்றினார். தின்று முடித்த கதிரைச் சாமியம்மா தண்ணீரில் வீசினார். ஏரியில் எச்சில் துப்பிய பிள்ளைகளைக் காதைத் திருகி அனுப்பியவர் அவர்.

கரைப் பக்கமாகத் திரும்பியபோது, "அண்ணே" என்று செவனம்மா கூப்பிட்டாள்.

"இன்னொரு ரவுண்டு" என்றார் சாமியம்மா.

"இரு, வர்றேன்" என்று வீரணன் கரையைப் பார்த்துக் கத்தினார். மறுபடி நடு ஏரி, மறுபடி சுழற்றல். செவனம்மா இன்னும் ஒருமுறை கூப்பிட்டாள். மூன்றாவது ரவுண்டில் கரையிலிருந்து சத்தமே வரவில்லை. வீரணன் நிமிர்ந்து பார்த்தார். ஒருத்தி கைகொடுத்துத் தூக்கிவிட, செவனம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டாள். எல்லாருமாக ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள்.

வீரணன் துடுப்பைப் பரிசலுக்குள் போட்டார்.

"போதும் சாமியம்மா. தலை கிறுகிறுங்குது. அந்தப் பிள்ளை போய்ச் சேர்றதுக்குள்ள கத்திரிக்கா வாடிப்போகும். உங்களுக்கு எங்கதான் போகணும்?"

"எனக்கா? எங்கேயும் போகவேண்டியதில்ல. ரவுண்டு வர்றவங்க யாருக்குமே எங்கேயும் போகவேண்டியதில்ல."

"அப்ப அவங்களை ஏத்தக்கூடாதுங்கிறீகளா?"

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்? ஏத்து. உன் மக படிக்கட்டும்."

வீரணனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. உபதேசம் வாங்கிய நாளிலிருந்து சாமியம்மாவிடம் அவர் குரலை உயர்த்தியதில்லை. இப்போது உயர்ந்துவிட்டது.

"காலையில வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதுக்குச் சோளக்கதிரைத் தின்னு, முதலையக் கேட்டு, பரிசலைச் சுத்தச் சொல்லி என் உசுரை வாங்குனீக. இப்பவாவது சொல்லுங்க. என்னைக் களத்துக்குக் கூப்பிடச் சொல்வீகளா, மாட்டீகளா?"

சாமியம்மா கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவனம்மாவின் கூடை எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"வருஷம் முழுக்க அந்தக் கரையில நின்னு அவங்க உன்னைக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாங்க, வீரணா. இன்னைக்கு நீ கூப்பிட்டுப் பாரு."