நீர்நாய் சொன்ன ஆபத்து

மலைக்காட்டில் பனி கொட்டியது. செம்பி என்ற முயலின் குட்டிகள் வெடவெடவென்று நடுங்கின. விறகு மூட்டினால் புகையில் அவற்றுக்கு மூச்சு முட்டியது. இந்தப் பனியைத் தாண்டுமா என்று தாய் கலங்கியது.

அந்தக் காட்டுக் குளத்தின் அடியிலிருந்து ஒரு காற்று குமிழ் விட்டு வந்தது. அதை மூங்கில் குழாயில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்தால் புகையே இல்லாமல் சூடு வருவதை நீர்நாய் கண்டுபிடித்தது. அதோடு வாயை மூடிக்கொண்டதா? இல்லை. அந்தக் காற்றுக்கு வாசனை கிடையாது, பகலில் தழல் கண்ணுக்குத் தெரியாது, அடைபட்டால் வெடிக்கும் என்று கூட்டத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தது. கூரையில் திறப்பு விட்டால் காற்று மேலே ஓடிவிடும், அவ்வப்போது குழாய் வாயில் ஒரு காய்ந்த புல்லை நீட்டிப் பார்த்து, கருகாவிட்டால் தழல் அணைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு உடனே குழாயை அடைத்துவிட வேண்டும் என்றும் சொன்னது.

மிருகங்கள் மிரண்டன. போன கோடையில் விறகுத் தீ பாதிக் காட்டைத் தின்றதை யாரும் நினைக்கவில்லை. அது பழகிய நெருப்பாயிற்றே!

நரி எழுந்தது. "ஆபத்தாவது ஒண்ணாவது! கூரையை நல்லா மூடுங்க, சூடு வெளியே போகாது."

அது எல்லோருக்கும் இதமாக இருந்தது. நரி தன் குடிசையைச் சாணி பூசி அடைத்து, முதல் அடுப்பை மூட்டியது.

செம்பிக்கும் பயம்தான். ஆனாலும் குட்டிகளுக்காக அடுப்பு மூட்டியது, கூரையில் திறப்பும் விட்டது. போகும்போதும் வரும்போதும் புல்லை நீட்டிப் பார்த்தது. அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள்.

ஒரு காலையில் பேய்க்காற்று அடித்துக் குளத்துக் குழாய்கள் ஆடியதில் இரண்டு வீட்டிலும் தீ அணைந்தது. செம்பி நீட்டிய புல் கருகவில்லை. பதறிப்போய்க் குழாயை அடைத்தது. கசிந்த காற்று கூரை வழியே போய்விட்டது. நரியோ, குளிர்கிறதே என்று வெகுநேரம் கழித்துக் கொள்ளிக்கட்டையை நீட்டியது. டமார்! கூரை பறந்தது. நரி வாலைப் பொசுக்கிக்கொண்டு குளத்தில் போய் விழுந்தது.

குளத்தில் அந்தக் காற்று வரும் ஊற்றையே மண் போட்டு மூடிவிடலாம் என்று கூட்டம் கிளம்பியது. செம்பி குறுக்கே நின்றது.

"ஆபத்தே இல்லைன்னு சொன்னவர் கூரை போச்சு. ஆபத்தைச் சொன்னவரால என் பிள்ளைங்க பிழைச்சுதுங்க. ஊத்தை மூடாதீங்க, கூரையைத் திறங்க."

கூட்டம் தலை குனிந்தது. செம்பி நீர்நாயிடம் போய்க் கண் கலங்கியது. "அண்ணே, அன்னைக்கு எங்களைப் பயமுறுத்தினீங்களே, அதுக்குத்தான் கும்பிடுறேன்."

அந்தப் பனிக்காலம் முழுவதும் குட்டிகள் கதகதப்பாக உறங்கின.

நன்மையோடு ஆபத்தையும், ஆபத்தோடு அதைத் தடுக்கும் வழியையும் சொல்பவரே நம் நம்பிக்கைக்கும் நன்றிக்கும் உரியவர்.