சடகோபனின் வயிற்றெரிச்சல்

குருநாதரின் குடிலுக்கு வந்த சடகோபன் மூங்கில் படலைத் திறக்கும்போதே உள்ளே அந்தக் குரல் கேட்டது. பரஞ்சோதியின் குரல். ரேடியோவில் ஏதோ நையாண்டி பேசிக்கொண்டிருந்தான். குருநாதர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

போயும் போயும் இவரும் அவனைத்தான் கேட்கிறார்! சடகோபனுக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டது.

இருவரும் இதே குருவிடம் பாடம் கேட்டவர்கள்தான். சடகோபன் ஐம்பதைத் தாண்டியவன், நாட்டு வானொலியின் தலைவன். பரஞ்சோதி அவனுக்குக் கீழே செய்தி வாசித்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் வியாபாரிகள் நடத்தும் சந்தை வானொலியில் சேர்ந்துகொண்டான். இப்போது பஸ்ஸில், டீக்கடையில், சலூனில், எங்கே போனாலும் அவன்தான். உள்ளதைச் சொன்னால், சடகோபன் நிம்மதியாகத் தூங்கியே பல நாளாகிவிட்டது.

நாட்டு வானொலிக்கு விளம்பரம் கிடையாது. வீட்டுக்கு வீடு மக்கள் கொடுக்கும் வானொலி வரியில்தான் அது ஓடுகிறது. அந்த வரி இனி வேண்டுமா வேண்டாமா என்று மறுநாள் மக்கள் சபை கூடி முடிவு செய்யப்போகிறது. வேண்டாம் என்றால் நிலையத்துக்குப் பூட்டுதான்.

"வாப்பா, உட்காரு. இவன் சொல்றதைக் கேட்டியா?" என்றார் குருநாதர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அதைக் கேட்க நான் வரலை சாமி. ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"சொல்லு."

"சபைத் தலைவர் உங்க பேச்சைத் தட்டமாட்டார். சந்தை வானொலியை மூடச் சொல்லி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அவன் இருக்கிற வரைக்கும் எங்களை எவன் கேட்பான்? கேட்காத வானொலிக்கு எவன் வரி கொடுப்பான்?"

"அதை மூடிட்டா உன்னைக் கேட்பாங்களா?"

"வேற போக்கிடம் இல்லையே!"

குருநாதர் மறுபடியும் சிரித்தார். அது பரஞ்சோதியின் வேடிக்கைக்கா, தன் பதிலுக்கா என்று தெரியாமல் சடகோபன் பல்லைக் கடித்தான்.

"அவன்கிட்ட அப்படி என்னதான் சாமி இருக்கு? வாயைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது. நான் மாஞ்சு மாஞ்சு நாலு நல்ல விஷயம் சொல்றேன், ஒருத்தனும் திரும்பிப் பார்க்கலை. அவன் தும்மினா ஊரே கைதட்டுது!"

அந்த நேரத்தில் பரஞ்சோதியின் குரல் மாறியது. வேடிக்கை நின்றது.

"நேயர்களே, இப்போது வந்த தகவல். மேலணை உடைந்துவிட்டது! ஆற்றோரம் இருப்பவர்கள் ஓடுங்கள்!"

குருநாதரின் குடில் இருந்ததே ஆற்றோரம்தான். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க அங்கே வந்துவிட்டது. ஒருவர் தலையில் தையல் மெஷின். ஒரு பெண் இடுப்பில் பிள்ளையும் கையில் ஆட்டுக்கயிறுமாக நின்றாள்.

"சாமி, ரேடியோ முள்ளைத் திருப்புங்க! நாட்டு வானொலியில சொல்லிட்டாங்களா?" என்றாள் அவள்.

குருநாதர் திருப்பினார். அங்கே சாவகாசமாக வீணைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது.

"இதுல ஒண்ணும் சொல்லலையே! அப்ப அது நிஜமா, பொய்யா?"

அங்கே யாருக்கும் சடகோபனை அடையாளம் தெரியவில்லை. அவன் செல்போனை எடுத்து நிலையத்துக்குப் பேசினான். செய்தி ஆசிரியர் நாச்சியார்தான் எடுத்தாள்.

"அணைக்கரையில இருக்கிற நம்ம ஆள் மழையில நடந்து போய்க்கிட்டிருக்கார் சார். நேரில பார்த்துட்டுச் சொல்றேன்னார்."

சடகோபனுக்கு நெஞ்சு துள்ளியது. நாளைக்குச் சபை. இன்றைக்குப் பரஞ்சோதி வசமாக மாட்டிக்கொண்டான். பழம் நழுவிப் பாலில் விழுந்ததே!

"வதந்தின்னு உடனே அறிவிச்சுடு. எவன் கிளப்பினான்னு பேரைச் சொல்லியே அறிவி."

குருநாதர் கேட்டார்: "பொய்யா அது?"

"அவன் சொன்னா பொய்யாத்தான் சாமி இருக்கும்."

"நான் அவனைக் கேட்கலை. அணையைக் கேட்டேன்."

ஆட்டைப் பிடித்திருந்தவள் சடகோபனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் என்று சொன்னால் இவள் வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். அணை நிஜமாகவே உடைந்திருந்தால்? பரஞ்சோதியை ஒழித்துக்கட்டும் ஆசை அவனை விடவும் இல்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றாள் நாச்சியார்.

"இருக்கேன்." மனசே இல்லாமல்தான் சொன்னான். "உடைஞ்சுதா இல்லையான்னு நமக்கு இன்னும் தெரியலைன்னு சொல்லு. ஆள் போயிருக்கு, பார்த்ததும் சொல்றோம்னு சொல்லு. அதுவரைக்கும் எல்லாரும் மேட்டுக்குப் போகட்டும். யார் பேரும் வேண்டாம்."

வீணை நின்றது. அந்த வார்த்தைகள் ரேடியோவில் வந்தன. கூட்டம் மறுபேச்சில்லாமல் கோயில் மேட்டுக்கு ஏறியது. குருநாதரே ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். முள்ளை ஒருத்தரும் தொடவில்லை.

மேட்டில் நிற்கும்போது சடகோபனின் செல்போன் அடித்தது. பரஞ்சோதி!

"அண்ணே, அது நிஜமாண்ணே? யாரோ போன்ல சொன்னாங்க, அப்படியே வாசிச்சுட்டேன். எங்கம்மா ஆத்தோரம் தனியா இருக்காங்கண்ணே. உங்களுக்குத்தானே தெரியும், சொல்லுங்கண்ணே!" அழுதுவிடுவான் போலிருந்தது.

"அம்மாவை முதல்ல மேட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. தெரிஞ்சதும் சொல்றேன்" என்றான் சடகோபன். திட்டுவதற்கு எத்தனையோ வைத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

சற்றைக்கெல்லாம் நாச்சியார் செய்தி வாசித்தாள். மேலணை உடையவில்லை. பக்கத்தில் ஒரு பழைய சுவர்தான் சரிந்திருக்கிறது. எங்கள் ஆள் நேரில் பார்த்தார்.

"அப்பாடா!" என்றது கூட்டம். ஆட்டைப் பிடித்திருந்தவள் குனிந்து, தானே முள்ளைச் சந்தை வானொலிக்குத் திருப்பினாள். அதில் குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஆடிக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கினார்கள்.

சடகோபனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

"பார்த்தீங்களா சாமி! ஆபத்துன்னா நான், ஆனந்தம்னா அவன்! நாளைக்கு வரி வேண்டாம்னுதான் இவங்களும் சொல்வாங்க. தினம் கேட்காததுக்கு எதுக்குக் காசுன்னு சபையில கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

குருநாதர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"பரஞ்சோதி வாராவாரம் என்னைப் பார்க்க வர்றான். வெறுங்கையை வீசிக்கிட்டு வருவான். சிரிக்க வெச்சுட்டுப் போவான்."

"வாராவாரமா?" சடகோபனின் முகம் சுண்டிப்போனது.

"நீ வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஆனா மாசம் பிறந்தா உன் அரிசி மூட்டை என் வாசல்ல வந்து இறங்கிடுது. பார்க்கவே வராத ஆளுக்கு எதுக்குடா அரிசி?"

"என்ன சாமி இப்படிக் கேட்கிறீங்க? நான் வந்தாலும் வராட்டியும் நீங்க இங்கே இருக்கணும்ல?"

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றே?" என்றார் குருநாதர். "நாளைக்குச் சபையில சொல்லு."