ஹாமுக்குப் போன சீடர்

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. சீடர் குருவை 'வா, போ' என்றுதான் பேசுவார். குருதான் சீடருக்கு மரியாதை கொடுப்பார். குரு, சீடருடைய மனைவியின் தங்கை என்பதே காரணம். இப்படி ஒரு குருகுலம் இதற்குமுன் இருந்ததா என்று பழைய நூல்களைப் புரட்டிப் பார்க்கலாம், நேரம்தான் வீணாகும்.

சீடரின் பெயர் தேவசகாயம். புதுச்சேரியில் பிறந்தவர். பிரான்சின் வடமேற்கே கெர்வெலான் என்ற சிற்றூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். குருவின் பெயர் ஃபிலோமின். இளவயதில் சைக்கிள் பந்தயங்களில் பெயர் எடுத்தவர். இப்போது அந்த வட்டாரத்துப் பசுக்களுக்கு வைத்தியர். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானுக்குப் பயிற்சியாளர். இரண்டு வேலையிலும் எதிரே நிற்பவர் என்ன நினைக்கிறார் என்று அவர் கேட்பதில்லை.

அந்தப் பக்கத்துப் பந்தயங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊரையே பல சுற்று சுற்றிவரும் பந்தயம். நடுவில் திடீரென்று மணி அடிப்பார்கள். அடித்தால், அடுத்த தடவை முடிவுக்கோட்டை முதலில் தாண்டுகிறவருக்கு ஒரு தனிப் பரிசு. கடைக்காரர்கள் கொடுப்பது. ஒரு புட்டி ஆப்பிள் மது, ஒரு வட்டுப் பாலாடைக்கட்டி, அல்லது உப்பிட்டு உலர்த்திய முழுப் பன்றித்தொடை. அதாவது ஹாம். பந்தய வெற்றிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹாமை வென்றவர் பந்தயத்தில் கடைசியாகவும் வரலாம்.

தேவசகாயம் ஒன்பது வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்.

மணிச்சத்தம் காதில் விழுந்தால் போதும், அவர் கால்கள் அவரைக் கேட்காது. கூட ஓட்டுகிறவர்களின் கூட்டமும் பழகிவிட்டது. ஆம்புலன்சுக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கி வழிவிடும். அவர் தனியாகப் பாய்ந்து, கோட்டைத் தாண்டி, கையை உயர்த்தி, மிதிப்பதை நிறுத்தி மூச்சு வாங்குவார். கூட்டம் அவரைக் கடந்து போகும். அவர் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு மீதிச் சுற்றுகளை முடிப்பார். ஊரில் அவருக்குப் பெயரே 'முசே ஹாம்', அதாவது 'திருவாளர் ஹாம்', என்றாகிவிட்டது. கண்ணாடி வாங்க வருகிறவர்கள்கூடச் சிலசமயம் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் பிப்ரவரியில் மனைவி ஜோசப்பின் சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷத்தோட சரி. ஞாயித்துக்கிழமை பூசைக்கு நான் தனியா, சந்தைக்கு நான் தனியா. ஃப்ரீசர்ல ஒரு மீன் வைக்க இடமில்ல."

தேவசகாயம் ஒத்துக்கொண்டார். ஆனால் மறுநாளே கொழுந்தியாளின் வீட்டுக்குப் போனார்.

"ஃபிலோ, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் முதல்ல வரணும். நடுவுல இல்ல. கடைசில."

ஃபிலோமின் ரப்பர் பூட்ஸைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார்.

"சரி, அத்தான்."

"எப்படி?"

"பூட்ஸ் கழுவிட்டு யோசிப்போம்."

பிறகு அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. வழக்கம்போல மேட்டில் ஏறச் சொன்னார், எதிர்காற்றில் போகச் சொன்னார், மழையில் போகச் சொன்னார். தேவசகாயம் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார். படித்த மனிதர். ஞானிகள் எல்லாரும் எதை விடச் சொன்னார்களோ அதை விட்டார்.

மே மாதம் மூன்று பந்தயங்களில் மணி அடித்தது. மூன்றிலும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே இருந்தார். கூட்டம் வழிவிட்டுவிட்டுக் காத்திருந்தது. யாரும் போகவில்லை. லோயிக் பக்கத்தில் வந்தான். இருபத்தாறு வயதுத் தச்சன். அந்த வட்டாரத்து வெற்றிகளில் பாதி அவன் வீட்டு அலமாரியில்தான் இருந்தன.

"என்ன முசே, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"ஹாம் மணி அடிச்சாச்சு. காதுல விழலையோன்னு கேட்டேன்."

கடைசிச் சுற்றில் சேர்த்துவைத்த பலத்தையெல்லாம் திரட்டி தேவசகாயம் பாய்ந்தார். பத்துப் பேர் உடனே காற்றுக்கு மறைவாக அவர் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். கோட்டருகே ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். மூன்று பந்தயத்திலும் இதே கதை.

அவர் குருவிடம் வந்தார்.

"ஆசையை விட்டுட்டேன். ஒண்ணும் கிடைக்கல. ஹாமும் போச்சு."

"யாரு விடச் சொன்னாங்க?"

"எல்லா குருமாரும் அதைத்தானே சொல்றாங்க."

"அவங்கள்ல யாராவது சைக்கிள் ஓட்டினாங்களா, அத்தான்?"

சீடர் சில ஞானிகளை மனதுக்குள் சைக்கிளில் ஏற்றிப் பார்த்தார்.

"நாளைக்கு என்கூட வாங்க" என்றார் குரு.

பிரான்சில் ஒவ்வொரு ஊர் தொடங்கும் இடத்திலும் அதன் பெயரை எழுதி ஒரு பலகை நட்டிருப்பார்கள். ஊர் முடியும் இடத்தில் அதே பெயரைச் சிவப்புக் கோட்டால் அடித்து இன்னொரு பலகை. ஓர் ஊர் முடிந்துவிட்டது என்பதை இவ்வளவு கறாராகச் சொல்லும் நாடுகள் குறைவு. சைக்கிள்காரர்கள் சேர்ந்து போனால் அந்தப் பெயர்ப்பலகையை யார் முதலில் தொடுவது என்று ஒரு விளையாட்டு தானாகவே தொடங்கிவிடும்.

மறுநாள் முதல் பலகையை தேவசகாயம் வென்றார். இரண்டாவதையும் வென்றார். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஃபிலோமின் அதே சீரான மிதியில் அவரைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார். தேவசகாயம் எழும்பி, துரத்திப் பிடித்து, அடுத்த பலகைக்குப் பாய்வார். கெர்வெலான் வந்தபோது எல்லாப் பலகையும் அவருடையது. குருவைத்தான் காணோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் குரு அக்காவுடன் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பை பாதிக்குமேல் காலி.

"எல்லாத்தையும் நான்தான் ஜெயிச்சேன்" என்றார் தேவசகாயம்.

"ஆமா அத்தான். பாத்தேன்."

"அப்ப நீ என்ன ஜெயிச்ச?"

"காபி சூடா இருந்துச்சு."

ஜோசப்பின் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையா?"

செப்டம்பரில் கெர்வெலான் திருவிழாப் பந்தயம் வந்தது. அவ்வருடத்தின் கடைசிப் பந்தயம். ஒப்பந்தப்படி தேவசகாயத்துக்கு என்றைக்குமே கடைசி. அந்தப் பந்தயத்தில் ஒலிபெருக்கியைப் பிடிப்பவர் இறைச்சிக்கடை மொரீஸ். ஹாம் கொடுப்பவரும் அவரே. கூட்டத்துக்கு முன்னால் வழிகாட்டிப் போவது அவருடைய வேன், ஓட்டுவது கடைப்பையன். ஹாம் அந்த வேனுக்குள்தான் தொங்கும்.

புறப்படும்முன் குரு சீடரின் டயரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னைக்கு மணி அடிச்சா போங்க."

"ஹாமுக்கா?"

"ஹாமுக்குத்தான். எப்பவும் போல, முழு மனசா."

"நிஜமாவா சொல்ற?"

"மணி அடிக்கிற சுற்றுல தண்ணி குடிக்காதீங்க. கோட்டைத் தாண்டினதும் நானே தரேன்."

தேவசகாயத்துக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், குருவே கைவிட்டுவிட்டாள் என்று தோன்றியது. கடைசி நாளாவது கறியோடு வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்திருப்பாள்.

ஐந்து சுற்று மீதி இருக்கும்போது மணி அடித்தது. கூட்டம் முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. எல்லாரும் ஒதுங்கினார்கள்.

"போய்ட்டு வாங்க முசே. குடும்பத்தைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றான் லோயிக். சட்டைப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரிக்கவும் தொடங்கினான்.

தேவசகாயம் பாய்ந்தார். சோளக்கொல்லை, தேவாலயத்து மேடு, பேக்கரி முனை. மேட்டில் முன்னால் போன இறைச்சி வேனையும் நெருங்கிவிட்டார். கோட்டைத் தாண்டினார். கையை உயர்த்தினார்.

"ஹாம் யாருக்கு?" என்றார் மொரீஸ் ஒலிபெருக்கியில்.

ஊர் ஒரே குரலில் பதில் சொன்னது.

ஹாமை இறக்குவதற்காக வேன் ஓரமாக நின்றது. தேவசகாயம் நாக்கு வறண்டு பக்கவாட்டில் பார்த்தார். குருவைக் காணோம். எப்போதும் கோட்டை ஒட்டி நிற்பவர், இன்று எங்கோ தூரத்தில், தபால் ஆபீஸ் திருப்பத்தில், தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே போகாமல் தண்ணீர் இல்லை. தேவசகாயம் மனதுக்குள் திட்டிக்கொண்டே மிதித்தார்.

அருகே வந்ததும் ஃபிலோமின் சாலையோரம் கூடவே ஓடி வந்து புட்டியைக் கையில் திணித்தார். அடுத்த கணமே திரும்பி நடந்துவிட்டார்.

தேவசகாயம் குடித்தார். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இந்நேரம் கூட்டம் அவரைக் கடந்து போயிருக்க வேண்டும். யாரும் கடக்கவில்லை. முன்னால் வெறும் சாலை.

அவர் ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பற்றினார்.

பின்னால் நடந்தது இதுதான். கூட்டம் நிதானமாக வந்தது. வேன் ஹாமை இறக்கிவிட்டு, கூட்டத்தைக் கண்டதும் முன்னால் ஓடி வழிகாட்டத் தொடங்கியது. வேனுக்குப் பின்னால் இருப்பதுதான் பந்தயம் என்பது அனைவரின் நம்பிக்கை. முசே ஹாம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவர் எப்போதும்போல வாலில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். வாலைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

அடுத்த முறை தேவசகாயம் தனியாகக் கோட்டைத் தாண்டினார். மொரீஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நம்ம முசே ஹாம் பாவம், ஒரு சுற்றுப் பின்தங்கிவிட்டார். கைதட்டி உற்சாகப்படுத்துங்கள்."

ஊர் பாசத்தோடு கைதட்டியது. ஒரு அம்மாள் "விட்டுராதீங்க" என்று கத்தினாள். அவர் விடவில்லை.

சோளக்கொல்லைச் சந்தியில் கொடி பிடித்து நின்றவர் அவரை ஓரங்கட்டக் கை காட்டினார்.

"ஒதுங்குங்க முசே, ரேஸ் வருது."

"தெரியும்" என்றார் தேவசகாயம், ஒதுங்காமல்.

கடற்காற்று எதிரே அடித்தது. அதில் சாணவாடை இருந்தது. அந்த ஊர்க் காற்றைப் பற்றி அவர் ஒன்பது வருடமாகக் குறை சொல்லி வந்தவர். அன்றைக்கு அது முழுக்க அவருடையதாக இருந்தது. எதிர்காற்றில் போகச் சொன்னவள், மழையில் போகச் சொன்னவள், மேட்டில் ஏறச் சொன்னவள் — அவளை நினைத்துக்கொள்ளக்கூட நேரமில்லை. கால்கள் அவரைக் கேட்காமல் ஓடின. மணி எதுவும் அடிக்கவில்லை.

கடைசிக்கு முந்திய சுற்றின் நடுவில் லோயிக்குக்குக் கேலி செய்ய ஆள் வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தான்.

"முசே ஹாம் எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. வண்டியை விட்டு இறங்கியிருப்பார் என்றார் ஒருவர். கோட்டருகே வந்தபோது ஒலிபெருக்கியில் மொரீஸ் திக்கினார். அவருக்கு இப்போதுதான் சுற்றுக் கணக்கு புரிந்திருந்தது.

"முன்னால்... முன்னால் ஒருவர் இருக்கிறார். அவர் பின்தங்கவில்லை. அவர்தான் முன்னால் இருக்கிறார்."

லோயிக் கையிலிருந்த புட்டியைப் புல்லில் வீசிவிட்டு எழும்பி மிதித்தான். கூட்டமே கிழிந்து நீண்டது. வேன் ஹாரனை அடித்துக்கொண்டு பறந்தது. தேவாலயத்து மேட்டின் அடியில் வந்தபோது, மேலே, எழும்பி மிதிக்க முடியாமல் தலை ஆடிக்கொண்டு ஏறும் ஒரு முதுகு தெரிந்தது.

"முசே!" என்று கூப்பிட்டான் லோயிக்.

முதுகு திரும்பவில்லை.

பேக்கரி முனையில் லோயிக்குக்கும் அவருக்கும் இடையே ஒரு மாட்டுவண்டி நீளம். கோட்டில் ஒரு சைக்கிள் நீளம். முன்னால் இருந்தவர் கையை உயர்த்தவில்லை. கோட்டைத் தாண்டியும் மிதித்துக்கொண்டே போனார். தபால் ஆபீஸ் திருப்பத்தில் நான்கு பேர் சேர்ந்து பிடித்து நிறுத்தி, முடிந்துவிட்டது என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மொரீஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். வென்றவரின் முழுப் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று முறை படிப்பது ஊர் வழக்கம். அவர் குனிந்து பெயரைக் கேட்டுக்கொண்டு போய்ப் படித்தார். மூன்று முறையும் ஊர் கைதட்டியது. இரண்டாவது முறை தேவசகாயம் அழுதார். மூன்றாவது முறை சிரித்தார்.

லோயிக் வந்து கை கொடுத்தான்.

"நான் வாழைப்பழம் சாப்பிட்டுட்டு இருந்தேன், முசே."

"நல்லாருந்துச்சா?"

"இப்ப நல்லால்ல."

வென்றவருக்குப் பூச்செண்டு. அதை அவர் ஜோசப்பினிடம் கொடுத்தார். அவள் வாங்கி, முகர்ந்து பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்காவது ஃப்ரீசர் வேணாம்" என்றாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் ஃபிலோமின் சைக்கிளைக் காரின் மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். சீடர் கால்களை இழுத்துக்கொண்டு அருகே வந்தார். மனதில் ஒரு குறை இருந்தது. அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் ஃபிலோ, இதை முதல் வருஷமே நீ சொல்லியிருக்கலாம்ல? ஒம்பது வருஷம் ஹாம் ஹாம்னு ஓட விட்டுட்டு வேடிக்கை பாத்தியே."

குரு பட்டையை இழுத்து இறுக்கி, சைக்கிள் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார்.

"முதல் வருஷம் நீங்க தனியாப் போயிருந்தா, எல்லாரும் துரத்தியிருப்பாங்க, அத்தான்."