முதலாளி தோற்கக் கூடாது

கோயம்புத்தூரில் பைக் ரேஸ் வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் சுகந்திக்கு வேலை, நாள் முழுக்கத் திரையில் பைக் ஓட்டி விழுவது. விழுவது நிஜம்போல இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். விழுந்து விழுந்தே அலுத்துப் போயிருந்தாள்.

முதலாளி சென்னியப்பனும் ஒரு வாரமாக ஓட்டிப் பார்த்தார். பறந்து வருவார், முதல் வளைவில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பார், சறுக்கி விழுவார். புதுசாக ஓட்டுகிறவர்களுக்கான பிரேக் உதவியைப் போடட்டுமா என்று சுகந்தி கேட்டதற்கு, "முப்பது வருஷமா பைக் ஓட்டறேன். எனக்கா உதவி?" என்று சீறினார்.

"நாளைக்கு கேமை வாங்கி விக்கிற டீலருங்க வர்றாங்க. கேம் அப்படியே நிஜமா இருக்கணும். ஆனா நான் தோற்கக் கூடாது. தோத்தா உனக்கு இங்க வேலை இல்லை."

"சரிங்க சார்," என்றாள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு.

மறுநாள் டீலர்கள் முன்னால் சென்னியப்பனே ஓட்ட உட்கார்ந்தார். பெரிய திரையில் அவருடையதோடு பன்னிரண்டு பைக்குகள் சீறிப் பாய்ந்தன. முதல் வளைவில் பன்னிரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன.

சென்னியப்பன் கொதித்தார். "என்னோட ஓட்டின பதினோரு முட்டாளும் யாரு? இப்படியா பிரேக் பிடிப்பானுங்க?"

"அத்தனை பேரும் நீங்கதானுங்க சார். ஒரு வாரமா நீங்க ஓட்டினதைப் பதிவு பண்ணி, மத்த எல்லாப் பைக்குக்கும் அதையே குடுத்துட்டேன். யார் ஜெயிச்சாலும் நீங்கதானுங்களே?"

டீலர்கள் வெடித்துச் சிரித்தார்கள். முதலாளி அவள் பக்கம் குனிந்தார்.

"அந்த பிரேக் உதவியைப் போட்டு விடும்மா."

"பன்னிரண்டு பேருக்குமா சார், உங்களுக்கு மட்டுமுங்களா?"