ஆறாவது வரிசை நெல்

வைரக்கண்ணுவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு செங்கமலத்துக்கு முப்பத்தொன்று. விதைநெல் பொறுக்கும் வித்தையை அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

வயல் நடுவே மேலே திறந்த பிளாஸ்டிக் கூண்டு ஒன்று. அதற்குள் குழாய்வழியே கரியமில வாயுவைக் கூடுதலாக விட்டு, ஆறு ரக நெல்லை ஆறு வரிசையாக வளர்த்தார்கள். பேரப்பிள்ளைகள் காலத்துக் காற்று இப்படித்தான் இருக்குமாம். வெயிலும் இப்படித்தான் கொளுத்துமாம். அதற்கு ஈடுகொடுக்கிற ஒரு ரகத்தை இப்போதே எடுத்துவைக்க வேண்டும்.

"அம்மா, முதல் வரிசையப் பாருங்க! காத்தைத் தின்னே மார்பளவு வளந்துட்டான் பயல். இதுதான் விதைக்கு."

"ஆறாவது?"

"அது இடுப்பைக்கூடத் தொடலை. பத்து மணிக்குப் பூ பாக்கப் போனா எல்லாம் வாடித் தொங்குது. சூடு தாங்காத சாதி. மாட்டுக்கு அறுத்துப் போட்டுடறேன்." அரிவாளோடுதான் வந்திருந்தார்.

"பத்து மணிக்கு எதுக்குப் போனீங்க?"

"நெல்லு அப்பதானேம்மா பூக்கும்? எங்கப்பன் காலத்துலேருந்து அப்படித்தான்."

அவள் கையை நீட்டினாள். "அரிவாளக் குடுங்க. பத்து நாள் பொறுங்க."

பத்தாம் நாள் முதல் வரிசையில் ஒரு கதிரை வளைத்துக் கொடுத்தாள். "நசுக்குங்கண்ணே."

நசுக்கினார். உள்ளே ஒன்றுமில்லை. அடுத்த மணியும் பதர். அதற்கடுத்ததும்.

"பூத்த நேரத்துல வெயில் சுட்டுடுச்சு," என்றாள். "தின்ன காத்தெல்லாம் வைக்கோலாப் போச்சு."

வைரக்கண்ணு உள்ளங்கையை ஊதினார்; பதர் பறந்தது. வீட்டில் பேத்தி இப்போதுதான் குழைசோறு தின்னப் பழகியிருந்தாள்.

"அப்போ எங்க குட்டி காலத்துல சோறே இல்லையாம்மா?"

செங்கமலம் ஆறாவது வரிசைக்கு நடந்தாள். அவரும் பின்னால் போனார்.

"இதையும் நசுக்குங்க."

பால் பீய்ச்சி அவர் மூக்கில் அடித்தது. அவள் சிரித்துவிட்டாள். இன்னொரு மணி. பால். ஏழெட்டு மணி பார்த்தார். எல்லாவற்றிலும் பால்.

"இது மேல மட்டும் வெயில் படலையா?"

"எல்லாத்து மேலயும்தான் பட்டுச்சு."

"அன்னைக்கு நான் பாத்தப்ப வாடித் தொங்குச்சேம்மா!"

"விடிஞ்சதும் பூத்து, வெயில் ஏறுறதுக்குள்ள வேலையை முடிச்சுட்டு உக்காந்திருந்துச்சுண்ணே. நீங்கதான் பத்து மணிக்குப் போனீங்க."